சங்கத்து மடிக்கணினியும் அதன் பாட்டரியும்

கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஓர் இரும்புப் பெட்டி, ரொக்கப் புத்தகம், பேரேடு ஆகியவையே நினைவுக்கு வந்த காலம் உண்டு. அவை இன்னும் மறைந்துவிடவில்லை. ஆயினும் அந்த மேசையின்மீது இப்போது மடிக்கணினி ஒன்றும் வந்து அமர்ந்திருக்கிறது. 2022-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி வழிக்குக் கொண்டுவருவதற்கான 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலோ நூல் கையிருப்பும் கூலிப் பட்டியலும் ஜக்கார்டு டிசைனும் கணினியில் ஏறிவருகின்றன. அங்கத்தினர்களின் இல்லங்களிலும் கணினி புதுமையன்று. தமிழக அரசு 2011-ம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் பிள்ளைகள் பெற்றுவந்த கருவிகள் இன்றும் பல வீடுகளில் மாடத்திலோ பீரோவிலோ இருப்பதைக் காணலாம்.

இக்கருவியை வாங்கும்போது நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் நிறைவேற்றுகிறது. மூன்று விலைப்புள்ளிகள் பெறப்படுகின்றன. தளவாடப் பதிவேட்டில் வரிசை எண் இட்டுப் பதியப்படுகிறது. இவ்வளவும் முறையாக நடந்தபின், அதன் வயிற்றுக்குள் இருக்கும் பாட்டரியைப் பற்றி ஒருவரும் நினைப்பதில்லை. இரண்டு ஆண்டுகளில் அது செத்துவிட்டால், "சாமான் மட்டம்" என்று உற்பத்தியாளரைக் குறைகூறுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் குறை சாமானில் இல்லை. அதை வைத்திருந்த விதத்தில் இருக்கிறது.

வடசென்னையில் இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையுள்ள சங்கங்களைப் பார்வையிடும் பணியில் இதைப் பலமுறை கண்டேன். ஒரு சங்கத்தில், பெயர் வேண்டாம், நிதியாண்டின் கடைசி வாரம். அங்கத்தினர்களுக்குச் சேரவேண்டிய தொகைகளின் பட்டியலை எழுத்தர் தயாரித்துக்கொண்டிருந்தார். பிற்பகல் நான்கு மணிக்கு மின்சாரம் நின்றது. மடிக்கணினியும் அந்த நொடியிலேயே நின்றது. மூன்று வருஷங்களாக இரவும் பகலும் மின்சாரத்தில் மாட்டியபடியே கிடந்த அந்தக் கருவியின் பாட்டரியில் ஒரு நிமிஷத்துக்கான சத்துக்கூட மிஞ்சியிருக்கவில்லை. திறந்திருந்த கணக்குக் கோப்பு பழுதாகிவிட்டது. ரசீதுகளையும் வவுச்சர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஏற்ற மூன்று நாட்கள் பிடித்தன. பணம் வாங்க வந்தவர்கள் மூன்று நாட்களும் வாசற்படியில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். பாட்டரி என்பது யாரோ படித்தவர்களின் விவகாரம் என்று எண்ணும் அங்கத்தினர்கள் அந்த வாசற்படியை நினைத்துப் பார்க்கலாம்.

மூன்று பாட்டரிகள், மூன்று குணங்கள்

குழப்பத்துக்கு முதற்காரணம், நம்மவர்களுக்குப் பாட்டரியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதன்று; வேறொரு பாட்டரியைப் பற்றி நன்றாகத் தெரியும் என்பதே. எண்ணூரில் அசோக் லேலண்டு லாரிகளும், திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள்களும் செய்யப்பட்ட வட்டாரம் இது. தொழிற்சாலைக்குச் சென்றவர் ஒருவராவது இல்லாத தெரு அபூர்வம். லாரியிலும் டிராக்டரிலும் வீட்டு இன்வெர்ட்டரிலும் உள்ளது ஈயமும் அமிலமும் சேர்ந்த பாட்டரி. அதை எப்போதும் முழுமையாக ஏற்றியே வைக்கவேண்டும். பாதி ஏற்றத்தில் போட்டுவைத்தால் தகடுகளில் உப்புப் படிந்து கெட்டுவிடும். இந்த விதி நம்மவர்களுக்குக் கைவந்த பாடம். அதே பாடத்தை மடிக்கணினிக்கும் பொருத்தி, "பாட்டரி எப்போதும் நூற்றுக்கு நூறு இருக்கட்டும்" என்று மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

வேறு சிலர், பழைய வானொலிகளிலும் கம்பியில்லாத் தொலைபேசிகளிலும் இருந்த நிக்கல் காட்மியம் பாட்டரியின் நினைவில் இருக்கிறார்கள். அதை முற்றிலும் தீர்த்துவிட்டுத்தான் மீண்டும் ஏற்றவேண்டும் என்பது அன்றைய உபதேசம். இவர்கள் மடிக்கணினியையும் அணைந்து விழும்வரை ஓட்டிப் பிறகே மாட்டுகிறார்கள்.

மடிக்கணினியில் இருப்பதோ இவ்விரண்டும் அல்லாத லித்தியம் அயனி பாட்டரி. சோனி நிறுவனம் இதை முதன்முதலாக 1991-ம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய ஆராய்ச்சிக்காக குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு முழுமையும் ஆகாது, வெறுமையும் ஆகாது. நடுநிலையே இதற்குச் சுகம்.

காரணம் எளிதில் விளங்கக்கூடியது. பாட்டரியின் ஒரு பக்கம் கிராபைட்டு. மறுபக்கம் ஓர் உலோக ஆக்சைடு. நடுவே ஒரு திரவம். ஏற்றும்போது லித்தியம் அயனிகள் கிராபைட்டுக்குள் சென்று புகுகின்றன. செலவழிக்கும்போது திரும்பி வருகின்றன. சாதாரணமாக ஓர் அறையின் அழுத்தம் 3.7 வோல்ட். முழுமையாக ஏற்றியபோது அது 4.2 வோல்ட்டை எட்டுகிறது. அந்த உயர்ந்த அழுத்தத்தில் நடுவிலுள்ள திரவம் மெல்லமெல்லச் சிதைந்து, தகட்டின்மேல் படலமாகப் படிகிறது. படலம் தடிக்கத் தடிக்க அயனிகளின் வழி குறுகுகிறது. இதை ஒரு கூட்டத்தில் விளக்கியபோது, நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, தறியை விட்டு எழும்போது பாவைச் சற்றுத் தளர்த்திவிட்டுத்தான் எழுவோம். இரவெல்லாம் இழுப்பிலேயே நின்றால் இழை சோர்ந்துபோகும். இதுவும் அப்படித்தானா?" என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டிருந்ததைவிட அவர் கேட்டது தெளிவாக இருந்தது. (அவர் ஊர் காலடிப்பேட்டை. கவர்னர் ஜோசப் காலெட் 18-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெசவாளர்களையும் துணியில் சித்திரம் தீட்டுவோரையும் குடியேற்றி அமைத்த பேட்டை அது. காலெட்பேட்டை என்பதே மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று.)

முழு ஏற்றத்தைவிடப் பொல்லாத பகை வெப்பம். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பாட்டரித் துறையினர் பலரும் எடுத்தாளும் ஒரு கணக்கு உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் நூற்றுக்கு 40 பங்கு ஏற்றத்துடன் ஓராண்டு சும்மா வைத்த பாட்டரியில் அதன் கொள்ளளவு நூற்றுக்கு 96 பங்கு மிஞ்சும். முழு ஏற்றத்துடன் வைத்தால் 80 பங்குதான். வெப்பம் 40 டிகிரியானால் முன்னதில் 85 பங்கும் பின்னதில் 65 பங்கும் மிஞ்சும். விதை நெல்லை எங்கே, எப்படி வைப்பது என்று அறிந்த விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு வியப்பளிக்காது. சென்னையில் கத்திரி வெயில் நாட்களில் வெளியே 40 டிகிரியைத் தொடுகிறது. ஓட்டுக் கூரையின்கீழ் ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் உட்புறம் அதையும் மிஞ்சும்.

நம் வட்டாரத்துக்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு, அது தூசி. இராயபுரத்து வீடுகளில் நிலக்கரித் துகள் படிவது நெடுநாள் குறையாக இருந்து, உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் 2011-ம் ஆண்டு அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. அந்தச் சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. எண்ணூரிலோ அனல் மின்நிலையச் சாம்பல் முன்பே இருந்தது. 1970-ல் இயங்கத் தொடங்கிய பழைய எண்ணூர் மின்நிலையம் 2017-ம் ஆண்டு மார்ச்சில் மூடப்பட்டபோதிலும் வடசென்னை மின்நிலையம் பெரிய அளவில் இயங்குகிறது. ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் இடத்தில் இருப்பவர்களும் மின்தடைக்குத் தப்புவதில்லை என்பது வேறு கதை. இந்தத் தூசியும் கடற்காற்றின் ஈரமும் மடிக்கணினியின் விசிறிக்குள் பஞ்சுபோல் அடைகின்றன. விசிறி அடைத்தால் சூடு வெளியேறாது. சூடு வெளியேறாவிட்டால் பாட்டரி வேகும். ஆகவே ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு விசிறியைச் சுத்தம் செய்விப்பது வீண்செலவன்று. மெத்தையின்மீதும் துணிக்கட்டின்மீதும் கணினியை வைத்து வேலை செய்யும் வழக்கமும் ஒழியவேண்டும். அடிப்புறத்துக் காற்றுத் துவாரங்கள் அடைபடும்.

செய்யவேண்டியவை

முதற்காரியம், ஏற்றத்துக்கு ஓர் எல்லை கட்டுவது. பெரும்பாலான புதிய மடிக்கணினிகளில், நூற்றுக்கு 80 பங்கு ஏறியதும் நிறுத்திக்கொள்ளும் வசதி உண்டு. ஒவ்வொரு கம்பெனியும் அதை ஒவ்வொரு பெயரில் ஒளித்துவைத்திருக்கிறது. லெனோவோவில் 'வான்டேஜ்' என்னும் செயலிக்குள் 'கன்சர்வேஷன் மோடு', ஏசூஸில் 'மைஏசூஸ்' செயலிக்குள் 'பாட்டரி ஹெல்த் சார்ஜிங்', எச்.பி.யின் அலுவலக வகைகளில், கணினி எழும்பும்போதே திறக்கும் பயாஸ் பக்கத்தில் 'பாட்டரி ஹெல்த் மானேஜர்'. டெல் கருவிகளில், பெரும்பாலும் மின்சாரத்திலேயே ஓடுவது என்று பொருள்படும் 'பிரைமரிலி ஏசி யூஸ்'. ஏசரிலும் இதுபோன்ற எல்லை உண்டு. ஒருமுறை இதைத் திறந்து இட்டுவிட்டால், அதன்பின் கருவியை நாள் முழுவதும் மாட்டியே வைத்திருந்தாலும் பெரும் பாதகமில்லை. சங்க அலுவலகத்துக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதையே செய்யலாம் என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளைகள் பெற்ற பழைய கருவிகள் சிலவற்றில் இவ்வசதி இராது. அவற்றில் கையாலேயே செய்யவேண்டும். 80-ஐ நெருங்கும்போது இணைப்பை எடுத்துவிடுவதும், 30-க்கு இறங்கும்போது மாட்டுவதும் போதும். அணுவளவும் பிசகக்கூடாது என்ற நியமம் இல்லை. நாட்கணக்கில் உபயோகிக்காமல் வைக்கவேண்டியிருந்தால், பாதி ஏற்றத்தில் அணைத்து, நிழலான இடத்தில் வைத்து, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். முற்றிலும் தீர்ந்த நிலையில் ஓராண்டு பீரோவில் கிடந்த பாட்டரி அநேகமாக மீண்டும் உயிர்பெறாது.

இரண்டாவது காரியம், தூக்கத்துக்கும் உறக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அறிவது. மூடியைச் சாத்தினால் கணினி 'ஸ்லீப்' என்ற தூக்கத்துக்குப் போகிறது. அப்போது நம் வேலை முழுவதும் தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. அந்த நினைவகத்துக்கு மின்சாரம் சொட்டுச்சொட்டாகத் தேவை. பாட்டரி தீர்ந்தால் வேலையும் போய்விடும். 'ஹைபர்நேட்' என்பது ஆழ்ந்த உறக்கம். அது எல்லாவற்றையும் வட்டில் எழுதிவிட்டுக் கருவியை முழுவதும் அணைத்துவிடுகிறது. பிறகு மின்சாரம் ஒரு வாரம் இல்லாவிட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். விண்டோஸில் இது வழக்கமாக மறைவாகவே இருக்கும். கண்ட்ரோல் பானலில் பவர் ஆப்ஷன்ஸைத் திறந்து, இடப்பக்கம் 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ' என்னும் வரியைத் தொட்டால், ஹைபர்நேட்டுக்கு அடையாளமிடும் கட்டம் கீழே தெரியும். கட்டம் மங்கலாக இருந்தால், மேலேயுள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வரியை முதலில் அழுத்தவேண்டும். அதே பக்கத்தில், மூடியைச் சாத்தினால் ஹைபர்நேட் ஆகும்படியும் அமைக்கலாம்.

பையில் போட்டு எடுத்துச் செல்லுபவர்களுக்கு இது மிகவும் அவசியம். தூக்கத்தில் இருக்கும் புதிய வகைக் கணினி, பைக்குள்ளேயே தானாக விழித்துக்கொண்டு இணையத்தைத் தேடுவதும் உண்டு. விம்கோ நகரில் ஏறி இராயபுரத்தில் இறங்குவதற்குள் பை அடுப்பாகியிருக்கும்.

மூன்றாவது, ஆபத்துக்கால ஏற்பாடு. பவர் ஆப்ஷன்ஸின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் பாட்டரி என்ற தலைப்பின்கீழ், 'கிரிட்டிகல் பாட்டரி ஆக்ஷன்' என்று ஒரு வரி இருக்கும். ஏற்றம் மிகக் குறைந்தால் கணினி என்ன செய்யவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அதில் ஹைபர்நேட் என்று இருக்கவேண்டும். எந்த அளவில் இது நடக்கவேண்டும் என்பதற்கு வழக்கமாக 5 என்று குறித்திருப்பார்கள். புதிய பாட்டரிக்கு அது சரி. வயதான பாட்டரியோ 15 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று விழுந்துவிடும். ஆகையால் இரண்டு ஆண்டுகளைக் கடந்த கருவிகளில் அந்த 5-ஐ 12 அல்லது 15 ஆக உயர்த்திவைப்பது நலம். மேலே சொன்ன சங்கத்தில் இதுவும் பயன்பட்டிராது. அங்கே பாட்டரியே இல்லை என்ற நிலை. ஆனால் பாதி உயிரோடு இருக்கும் பாட்டரிகளே நம்மிடம் அதிகம். சில புதிய கருவிகளில் இந்த வரிகளுள் ஒன்றிரண்டு கண்ணுக்குத் தென்படாமல் இருக்கலாம். இருப்பதை அமைத்துக்கொண்டால் போதும்.

திரையின் வெளிச்சத்தைக் குறைப்பது, தேவையில்லாதபோது வைபையை நிறுத்துவது, ஐந்து நிமிஷம் தொடாவிட்டால் திரை அணையும்படி வைப்பது முதலியவை எல்லோரும் அறிந்தவை. இவற்றால் மின்கட்டணம் குறையும் என்று சிலர் சொல்லுகிறார்கள். அதை நம்பவேண்டாம். 48 வாட்-மணிப் பாட்டரியை முழுதும் ஏற்ற ஒரு யூனிட்டில் சுமார் பதினாறில் ஒரு பங்கே செலவாகும். இந்தச் சிக்கனத்தின் பலன் கட்டணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. நூற்றுக்கு 80 பங்கு ஏற்றமென்றால் கையில் ஏறத்தாழ 38 வாட்-மணி. கருவி 20 வாட் இழுத்தால் இரண்டு மணிக்கும் குறைவு. வெளிச்சத்தைத் தணித்து 10 வாட்டுக்குக் கொண்டுவந்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. மாலையில் கணக்கை மூட இந்த வித்தியாசம் போதும்.

புயல் நாட்களில்

இதுவரை சொன்ன எல்லை எல்லா நாளைக்கும் உரியதன்று. 2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் அடித்தபோதும், 2023-ம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலில் வெள்ளம் சூழ்ந்து எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயும் பரவியபோதும், நம் பகுதிகள் பலவற்றில் மின்சாரம் நாட்கணக்கில் இல்லை. புயல் எச்சரிக்கை வந்த அன்றே எல்லையை நீக்கி, நூறுவரை ஏற்றிவிடவேண்டும். இரண்டொரு நாள் முழு ஏற்றத்தில் இருப்பதால் பாட்டரி கெட்டுவிடாது. அங்கத்தினர் பட்டியலையும் கடன் இருப்புப் பட்டியலையும் அன்றே காகிதத்தில் அச்சிட்டு எடுத்துக்கொள்வதும் உசிதம். இடி மின்னல் வேளையிலும், நின்ற மின்சாரம் திரும்பி வரும் தறுவாயிலும் இணைப்பைக் கழற்றிவைக்கவேண்டும். புயல் கடந்து மின்சாரம் நிலைத்தபின் எல்லையை மறுபடியும் 80-க்குக் கொண்டுவர மறந்துவிடக்கூடாது, மறந்துவிடுகிறார்கள்.

பதிவேட்டில் ஒரு வரி

பாட்டரியின் உடல்நிலையை மதிப்பிட யாரையும் கேட்கவேண்டியதில்லை, கருவியே சொல்லும். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில், பவர்சிஎஃப்ஜி என்று எழுதி, ஓர் இடைவெளியும் சாய்கோடும் இட்டு, பாட்டரிரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்து ஆங்கிலத்தில் தட்டினால் ஓர் அறிக்கை உண்டாகும். அதில் 'டிசைன் கபாசிட்டி' என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு. 'புல் சார்ஜ் கபாசிட்டி' என்பது இன்று இருப்பது. முதலாவது 48,000 என்றும் இரண்டாவது 31,000 என்றும் இருந்தால், மிஞ்சியிருப்பது நூற்றுக்கு 65 பங்கு. அரசு வழங்கிய கருவிகளில் விண்டோஸுடன் இருந்த, சென்னை சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் போன்றவற்றிலும், 'பவர் ஸ்டாடிஸ்டிக்ஸ்' என்னும் செயலி இருப்பின் இதே விவரம் கிடைக்கும்.

இவ்விரு எண்களையும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, தளவாடப் பதிவேட்டில் மடிக்கணினியின் பெயருக்கு எதிரே தேதியுடன் எழுதிவைக்குமாறு நான் காரியதரிசிகளைக் கேட்டுக்கொண்டு வருகிறேன். சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனால் புதுப் பாட்டரிக்கு நிர்வாகக் குழுவில் செலவு கோரும்போது, "போன வருஷம் 80, இந்த வருஷம் 55" என்று எழுத்தில் காட்டினால் தர்க்கத்துக்கு இடமில்லை. உத்தரவாத காலம் முடியுமுன் எண் திடீரென்று சரிந்தாலும் விற்றவரிடம் கேட்க ஆதாரம் இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் மாற்றிவிடுவதே முறை. மாற்றும்போது, கருவியின் அடிப்புறத்தில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டுபோய், அதே வகையை ரசீதுடன் வாங்கவேண்டும். பெயரில்லாத மலிவுச் சரக்கில் காவல் மின்சுற்று சரியாக இருக்கும் என்று சொல்லமுடியாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. விசைப்பலகையோ அதன் கீழுள்ள தொடுபலகையோ மேலெழும்பி வந்தால், அல்லது மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், உள்ளே பாட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதைக் கையால் அமுக்கிச் சரிசெய்ய முயல்வது அபாயம். குத்திப் பார்ப்பது அதைவிட அபாயம், தீப்பற்றிவிடும். உடனே கருவியை அணைத்து, மின்சாரத்தில் மாட்டாமல், காகிதமும் நூல் சிப்பமும் இல்லாத இடத்தில் வைத்து, பழுது பார்ப்பவரிடம் ஒப்படைக்கவேண்டும். கழற்றிய பழைய பாட்டரியைக் குப்பையில் போடுவதும், பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போடுவதும் கூடாது. 2022-ம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள், உபயோகம் முடிந்த பாட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மீது வைத்திருக்கின்றன. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகை பெற்று, பதிவேட்டில் அந்த வரியின் எதிரே ஒட்டிவைத்துவிட்டால், அடுத்த தணிக்கையில் பழைய பாட்டரி எங்கே என்ற கேள்விக்கும் விடை இருக்கும்.